கத்திகளுக்குப் பெட்டி தேடிய கதை

என்னிடம் சில நல்ல கத்திகள் இருக்கின்றன. இதையே அடையாறில் ஒருவர் சொன்னால் ரசனையுள்ள மனிதர் என்று காபி கொடுத்து உட்கார வைப்பார்கள். ராயபுரத்தில் இருந்துகொண்டு நான் சொன்னால், கேட்பவர் முதலில் வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்கிறார். பிறகு, ‘கேஸ் ஏதாவது இருக்கா?’ என்கிறார். சினிமாக்காரர்கள் எங்கள் பகுதிக்குச் செய்துவைத்த உபகாரம் அது.

கேஸ் ஒன்றும் இல்லை. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குக் காய்கறி, கோழி, அரிசி கொண்டுபோய்க் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் வெகுகாலமாக வேலை பார்க்கிறேன். கேப்டன்களுக்கு என் முகம் தெரியாது. சமையற்காரர்களுக்கு என் வெங்காயம் தெரியும். அழுகல் இல்லாத வெங்காயத்தைப் பார்த்து நெகிழ்ந்துபோன சமையற்காரர்கள், கப்பல் கிளம்பும்போது எதையாவது கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவர்களிடம் கொடுப்பதற்கு இருப்பது கத்திதான். அப்படி வந்தவைதாம் நார்வேக்காரர் தந்த மீன் சீவும் மெல்லிய கத்தி, ஜப்பானியக் கத்தி ஒன்று, துருக்கிக்காரரின் அகலமான வெட்டுக்கத்தி, பிலிப்பைன்ஸ்காரர் கட்டிப்பிடித்து அழுதுகொண்டே கொடுத்த நீளமான அரிவாள்.

இவையெல்லாம் பழைய செய்தித்தாளில் சுற்றி, பிஸ்கட் டின்களில் அடைத்து, பரணில் கிடந்தன. எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் இடையில் ஒரு சாலையும் அதில் நகராத சில கண்டெய்னர் லாரிகளும்தாம் உண்டு. உப்புக் காற்றுக்கு எங்கள் வீடு சொந்தக்காரர் வீடு மாதிரி. கதவுத் தாழ்ப்பாள், ஃபிரிட்ஜின் கால், இஸ்திரிப் பெட்டி என்று எதையும் அது விட்டுவைத்ததில்லை. கத்திகளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்துகொண்டிருந்தன.

ஒரு வருடம் கிறிஸ்துமஸ் ஸ்டாரை எடுக்க என் மனைவி பரணில் கையை விட்டாள். ஸ்டார் வரவில்லை. ஜப்பானியக் கத்தி வந்தது. அது அவளுடைய கால் பெருவிரலுக்கு ஒரு விரற்கடை தள்ளி, அவள் ஏறி நின்ற மர ஸ்டூலில் குத்தி நின்று ஆடியது. எவ்வளவு அருமையான சமநிலை என்று நான் வியந்துகொண்டிருந்தபோது அவள் பேச ஆரம்பித்தாள்.

“ஒண்ணு, நல்லதா ஒரு பொட்டி வாங்கி இத்த எல்லாம் பூட்டி வை. இல்லாங்காட்டி காசிமேட்ல கொண்டுபோயி மீன் வெட்டுறவங்களாண்ட குடுத்துடு. ரெண்டும் இல்லன்னா நானு எங்க அம்மா வூட்டுக்குப் பூடுவேன்.”

மூன்றில் முதலாவதுதான் சுலபமாகத் தெரிந்தது. எனக்கு அப்போது பெட்டிகளைப் பற்றி எதுவும் தெரியாது.

முதலில் நகரத்தின் பெரிய மால் ஒன்றில் இருந்த மரச்சாமான் கடைக்குப் போனேன். டை கட்டிய இளைஞர் ஒருவர் வாசனையோடு வந்தார். கத்திகள் வைக்க என்றதும் புன்னகைத்தார். ராயபுரம் என்றதும் புன்னகையை உள்ளே வைத்துவிட்டு ஓரடி பின்வாங்கினார். ஆனாலும் கடமை தவறவில்லை. பளபளப்பான பெட்டி ஒன்றைக் காட்டி, “எக்ஸ்போர்ட் குவாலிட்டி சார்” என்றார். எக்ஸ்போர்ட் ஆகிற சாமான்களை வருடக் கணக்காகக் கப்பலுக்குப் பக்கத்தில் நின்று பார்க்கிறவன் நான். அந்த வார்த்தையைக் கேட்டால் எதையும் இழுத்துப் பார்க்காமல் நம்ப மாட்டேன். இழுப்பறையை இழுத்தேன். கைப்பிடி மட்டும் என்னோடு வந்தது. உள்ளே மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகை. “இது எஞ்சினியர்டு வுட் சார், சாதா மரத்தைவிட உசத்தி” என்று அவர் சொன்னபோது, கடவுள் படித்த படிப்பு போதாது என்று எனக்குத் தோன்றியது.

அடுத்து ஆன்லைனில் தேடினேன். ‘ராஜ கலெக்டர் பெட்டி’ என்று ஒன்று இருந்தது. வாங்கியவர்கள் எல்லோரும் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். பெட்டி வந்து சேர்ந்தது. திறந்ததும் உள்ளே சிவப்பு வெல்வெட், தோல் வார்கள், ஒரு சின்ன கண்ணாடிகூட. கத்திகள் முகம் பார்த்துக்கொள்வதற்காக இருக்கலாம். ஒவ்வொன்றையும் துடைத்து எண்ணெய் பூசிப் படுக்க வைத்தேன். மழைக்காலம் முடிந்து திறந்தால், வெல்வெட் முழுக்க ஈரத்தைக் குடித்துவைத்துக்கொண்டு கத்திகளுக்கு ஊட்டியிருந்தது. தோல் வார் பட்ட இடங்களில் பச்சையும் கறுப்பும். பழைய செய்தித்தாள் இந்த அளவுக்குத் துரோகம் செய்ததில்லை.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது: ‘உங்கள் வருத்தத்தை முழுமையாகப் புரிந்துகொள்கிறோம். தயவுசெய்து பொருளைக் கடற்கரைப் பகுதிகளில் வைக்காதீர்கள்.’ பொருளை மட்டும்தானா, எங்களையுமா என்று கேட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் கல்மண்டபம் பக்கம் நடந்துபோகையில் ஒரு சத்தம் கேட்டது. பெரியவர் ஒருவர் தம் கடை வாசலில் ஒரு பெட்டிக்கு மூடி பொருத்திக்கொண்டிருந்தார். மூடியை இறக்கும்போது உள்ளேயிருந்த காற்று வெளியேற வழியில்லாமல் ‘புஸ்’ என்று பெருமூச்சு விட்டது. அப்படியே நின்றுவிட்டேன். காய்ந்த தேக்கு. ஒரு இடத்திலும் இடுக்கில்லை. நான் தேடிய பெட்டி அதுதான். அது சவப்பெட்டி என்பது ஒரு சின்ன விஷயம்.

பெரியவர் என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “ஆளு இன்னா ஒசரம்ப்பா?”

“ஆளு இல்லண்ணே. கத்தி.”

அவர் உளியைக் கீழே வைத்தார். “த்சொ... கத்தில போனாரா?”

“யாரும் போவல. கத்தி வெக்கத்தான் பொட்டி.”

உளியை மறுபடி கையில் எடுத்தார். “அப்ப தொறந்து மூடணுமா?”

“ஆமா.”

“அது நம்மளுக்குப் பயக்கமில்லியே. நம்ம பொட்டி ஒரு தபா மூடுனா மூடுனதுதான்” என்றார். ஆனாலும் ஒப்புக்கொண்டார். உள்ளே வெல்வெட் வேண்டாம், வெறும் மரம் போதும் என்று நான் சொன்னபோது, “படுக்கிறவங்களுக்கு மெத்துனு இருக்க வேணாமா?” என்று வருத்தப்பட்டார். சிலுவை வேண்டாம் என்றபோது இன்னும் வருத்தப்பட்டார்.

பெட்டி சொன்னபடி தயாரானது. கீல், பூட்டு, உள்ளே இரண்டு அடுக்குத் தட்டு எல்லாம் இருந்தன. ஆனால் பழகிய கை எங்கே போகும்? இரண்டு பக்கமும் பித்தளைக் கைப்பிடிகள், தூக்குகிறவர்கள் தோள் கொடுக்கத் தோதாக. பாலிஷ் முழுசாகக் காயவில்லை, தூசி ஒட்டும் என்று சொல்லி ஒரு வெள்ளைத் துணியையும் போர்த்திவிட்டார். மீன்பாடி வண்டியில் ஏற்றினோம். வண்டிக்காரர் மிதிக்க, பெட்டி சாய்ந்துவிடக் கூடாதே என்று ஒரு கையை அதன்மேல் வைத்தபடி, தலை குனிந்து, நான் பின்னால் நடந்தேன்.

எங்கள் சந்து திரும்பியதும் டீக்கடையில் கிளாஸ்களைக் கீழே வைத்தார்கள். ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். நான் உயிரோடு நடந்து வருகிறேன். ஆகவே பெட்டி யாருக்கு என்பதைச் சந்து தானே முடிவுசெய்துகொண்டது. அன்று தலைவலி என்று என் மனைவி குழாயடிக்கு வராததும் சேர்ந்துகொண்டது.

கீழ்வீட்டில் மீன் விற்கும் அக்கா ஒருவர் குடியிருந்தார். குழாயில் யார் குடம் முந்தி என்ற தகராறில் அவருக்கும் என் மனைவிக்கும் பல மாதங்களாகப் பேச்சில்லை. வண்டியைப் பார்த்ததும் அவர் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, பெட்டிமேல் விழுந்து, மாரில் அடித்துக்கொண்டு ஆரம்பித்தார்:

“மாடி வூட்டு மகராசி, மல்லியப்பூ சிரிப்புக்காரி,
கொழாயடி வெறிச்சோடக் கொடத்த வுட்டுப் போனியேடி!
சண்ட போட ஆளில்லாம சந்து இருண்டு போச்சுதடி,
சரிக்குச் சமமா நிக்க நானு யார எங்க தேடுவேண்டி!”

நான் வாயைத் திறந்தேன். நாலு பேர் என்னைத் தாங்கிப் பிடித்து, “அய்துடு தலைவா, மன்சுல வெச்சுக்காத” என்றார்கள். தற்செயலாக மேலே பார்த்தேன். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி, தோளில் ஈரத்துணியோடு என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். நான் சைகை காட்டினேன். அவள் உதட்டில் விரலை வைத்து, சும்மா இரு என்றாள்.

அவளுடைய சமையல், அவளுடைய பொறுமை, என்னைப் போன்ற ஒருவனைக் கட்டிக்கொண்டு பட்ட பாடு எல்லாம் பாட்டில் வந்தன. கடைசியில் வந்ததற்குக் கூட்டத்தில் நல்ல ஆமோதிப்பு இருந்தது. மூச்சு வாங்க அக்கா தலையை நிமிர்த்தியபோதுதான் மாடியைப் பார்த்தார்.

“அடிப்பாவி! உசுரோட நின்னுகினா வேடிக்க பாக்குற?”

“நடுவுல நிறுத்தாத அக்கா. நல்லா கீது, பாடு.”

“எறங்கி வாடி கீய! என் தொண்டத்தண்ணிக்கு யாரு பதில் சொல்றது?”

அவள் இறங்கி வந்தாள். இருவரும் ஒருவரையொருவர் முறைத்துப் பார்த்துவிட்டு, பிறகு கட்டிக்கொண்டு நிஜமாகவே அழுதார்கள். அன்று முதல் பேசிக்கொள்கிறார்கள். பேச்சு பெரும்பாலும் என்னைப் பற்றித்தான்.

செய்தி எங்கள் தெருவைத் தாண்டும்போது கொஞ்சம் வளர்ந்தது. அடுத்த வாரம் ஒரு கான்ஸ்டபிள் வந்தார். “சவப்பொட்டில ஆயுதம் பதுக்கிகினு கீறீங்கன்னு தகவல்.” பெட்டியைத் திறந்து காட்டினேன். ஒவ்வொன்றாக எடுத்தார்.

“இது எதுக்கு?”

“மீனுக்கு சார்.”

“இது?”

“அதுவும் மீனுக்குத்தான்.”

“இது?”

“வெங்காயத்துக்கு.”

அவர் முகம் வாடிக்கொண்டே வந்தது. நீள அரிவாளைக் கையில் எடுத்தபோது மட்டும் கொஞ்சம் தெளிந்தார். “இது தேங்கா வெட்ட” என்றேன்.

“இத்தையெல்லாம் வெச்சு இன்னாதான் பண்றீங்க?”

“அழகா கீது சார். அப்பப்ப எடுத்துப் பாப்பேன்.”

வெட்டுவேன் என்று சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். பாவமாகப் பார்த்தார். பலகையைத் தட்டி, “தேக்கா? யாரு செஞ்சது?” என்றார். கல்மண்டபத்துச் சவப்பெட்டிக்காரர் என்றேன். கையைச் சட்டென்று இழுத்துக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். “கத்தி இருந்துட்டுப் போவட்டும். பொட்டிய வாசலுக்கு நேரா வெக்காதீங்க” என்று சொல்லிவிட்டு, டீ குடிக்காமலேயே போனார்.

பெட்டியை உள்சுவர் ஓரமாகத் தள்ளினோம். வந்தவர்கள் அதைப் பார்த்து மிரளாமல் இருக்க, என் மனைவி பூ வேலைப்பாடு செய்த துணி ஒன்றை விரித்து, மேலே மாதா சுரூபத்தையும் இரண்டு மெழுகுவர்த்திகளையும் வைத்தாள். அதற்குப் பிறகு அதன் எதிரில் எல்லோரும் கைகூப்புகிறார்கள். ஒரு கத்தியைப் பார்க்கவேண்டுமென்றால் நான் மாதாவிடம் மன்னிப்புக் கேட்டு, அவரை இறக்கி நாற்காலியில் அமர்த்த வேண்டியிருக்கிறது.

வீடு மந்திரிக்க வந்த பங்குச் சாமியாரும் அங்கேதான் நேராகப் போனார். நீண்ட ஜெபம் சொன்னார். தாராளமான மனிதர், தீர்த்தத்தைத் தெளித்தார் என்பதைவிட ஊற்றினார் என்று சொல்லலாம். பெட்டியின் நான்கு பக்கமும் வழிந்தது. கத்திகளை நினைத்து நான் ஒரு துண்டைத் தேடினேன். “உள்ள இன்னாம்மா இருக்குது?” என்று கேட்டார்.

“எங்க வூட்டுக்காரரோட சொத்து ஃபாதர்” என்றாள் என் மனைவி.

அவர் இன்னொரு கை தீர்த்தம் அள்ளி ஊற்றினார்.

அவர் படியிறங்கியதும் மாதாவை நாற்காலிக்கு மாற்றிவிட்டு மூடியைத் தூக்கினேன். உள்ளே ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை.