மங்களத்துக்கு முன் ஒரு தேத்தண்ணி

டொறத்தி இத்தாலியில் பதினொரு வருடம் வயதானவர்களைப் பராமரித்தவள். தூக்குவது, துடைப்பது, மருந்து கொடுப்பது எல்லாவற்றுக்கும் அங்கே படித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தாள். சிலாபத்துக்குத் திரும்பிய பிறகும் அதே தொழில்தான். யுத்தம் முடிந்து நாலைந்து வருடத்துக்குள் ஊர் பார்க்க வரும் வெளிநாட்டுக் கிழவிகள் கூடிவிட்டார்கள். அவர்களுக்குத் துணையாகப் போய் வருவாள்.

அந்த மாசியில் அவளிடம் ஒப்படைக்கப்பட்டவள் யூஜினி. கனடாவிலிருந்து வந்தவள், அறுபத்தேழு வயது, நீரிழிவு, தினமும் இன்சுலின் ஊசி. இருவரும் எத்தாளையில் ஒரு விடுதியில் தங்கியிருந்தார்கள். கோயில் வளவில் அருளப்பு அண்ணாவியார் புதியவர்களுக்கும் கூத்தாட்டம் பழக்குகிறார் என்று கேள்விப்பட்டதும் தானும் ஆடவேண்டுமென்று யூஜினி பிடிவாதமாக நின்றாள்.

"சின்னதில அப்பா விடேல்ல. பொம்பிளப் பிள்ளைக்குக் கூத்தென்ன எண்டார். இப்ப ஆர் என்னைத் தடுக்கிறது?"

"சீனி வருத்தம் தடுக்கும், அக்கா. ஊசி போட்டு, சாப்பிட்டிட்டுத்தான் போறது."

சனிக்கிழமை ஏழு மணிக்கு ஊசி போட்டாள். பாணும் பருப்பும் எடுத்து முன்னால் வைத்தாள். நோயாளி விழுங்குவதைக் கண்ணால் காணும்வரை எழும்பக்கூடாது என்பது அவள் படித்த முதல் பாடம். ஆனால் கனடாவிலிருந்து யூஜினியின் மகள் கைத்தொலைபேசியில் கூப்பிட்டாள். குரல் சரியாகக் கேட்கவில்லை என்று டொறத்தி முற்றத்துக்குப் போனாள். திரும்பி வந்தபோது தட்டு வெறுமை. விடுதிப் பூனை ஜன்னலடியில் வாயை நக்கிக்கொண்டிருந்தது.

எட்டரைக்கு ஆட்டம் தொடங்கியது. மணலில் எட்டுப் பேர், நாலு சோடி. மத்தள அடி விழ, அண்ணாவியார் நடுவில் நின்று தாளம் தட்டினார். டொறத்தி ஓரத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தாள். யூஜினி முதல் அடியைச் சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

அண்ணாவியாரின் மகள் சுஜாந்தி தகப்பனுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து பக்கத்து வாங்குப் பலகையில் வைத்தாள்.

"எங்களுக்கு இல்லையோ?" என்றாள் டொறத்தி.

"அப்பாவுக்கு மட்டுந்தான் அன்ரி. முதல்நாள் ஆடுறவங்க மங்களம் பாடும்வரைக்கும் வெறுவயிறு. அப்பாட வழக்கம். நேத்தே எல்லாருக்கும் சொன்னவர்."

டொறத்திக்குப் பூனை ஞாபகம் வந்தது. மணிக்கூட்டைப் பார்த்தாள். ஒன்பதாகப் பத்து நிமிடம். ஊசி போட்டு ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம்; சாப்பாடில்லாத உடம்பில் சீனி விறுவிறென்று இறங்கும் நேரம்.

யூஜினியின் கால் பின்னத் தொடங்கியிருந்தது. இடது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் வலது பக்கம் திரும்பினாள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

"கனடாக் கால் அப்பிடித்தான்," என்றார் அண்ணாவியார். "விடாம ஆடுங்க."

காலை வெயில் இன்னும் சூடேறவில்லை. ஆனால் யூஜினியின் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. டொறத்தி வாங்கிலிருந்த தேத்தண்ணியைத் தூக்கிக்கொண்டு வட்டத்துக்குள் நுழைந்தாள்.

"செருப்போட களரிக்குள்ள வராதீங்க," என்று அண்ணாவியார் கத்தினார். மத்தளம் நின்றது.

யூஜினியின் கை சில்லென்று நனைந்திருந்தது. "விடடி என்னை," என்று தள்ளினாள். இப்படி ஏசுகிறவள் அல்ல. டொறத்தி அவளை மணலில் இருத்தி, கோப்பையை உதட்டில் வைத்து, மிடறு மிடறாகப் பருக்கினாள். அண்ணாவியார் மூன்று கரண்டி சீனி போட்டுக் குடிக்கிறவர்; நல்லதாய்ப் போயிற்று.

பத்து நிமிடத்தில் யூஜினியின் கண் தெளிந்தது. டொறத்தி பையிலிருந்த பிஸ்கட்டை நீட்டினாள். தேத்தண்ணிச் சீனி நெடுநேரம் நில்லாது. வயிற்றில் ஏதாவது இருக்கவேண்டும்.

"மங்களம் பாடட்டும்," என்று யூஜினி வாயை மூடிக்கொண்டாள். "தேத்தண்ணி நீ பருக்கினது. அது என்ர கணக்கில்ல."

வாயைப் பலவந்தமாகத் திறந்தால் புரையேறும். டொறத்தி அண்ணாவியாரிடம் திரும்பினாள்.

"மங்களத்தைப் பாடுங்க."

"சோடி குறையுதே. ஏழு பேரோட எப்பிடி முடிக்கிறது?"

டொறத்தி செருப்பைக் கழற்றினாள். பிஸ்கட்டை யூஜினியின் மடியில் வைத்துவிட்டு வெற்றிடத்தில் போய் நின்றாள். பிறந்ததிலிருந்து அவள் ஆடியதில்லை. முன்னால் நின்றவர் தூக்கிய காலைத் தூக்கினாள். அவர் வைத்த பிறகு வைத்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் கழுத்து யூஜினியின் பக்கமே போயிற்று.

"காலைப் பாருங்க அக்கா," என்றார் அண்ணாவியார்.

"நீங்க கெதியாப் பாடி முடியுங்க."

இரண்டு சுற்றில் மங்களம் முடிந்தது. யூஜினி சிலுவை போட்டுக்கொண்டு பிஸ்கட்டைக் கடித்தாள். டொறத்தி அவள் முன்னால் குந்தித் தொண்டையையே பார்த்தாள். ஒரு வாய் இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது.

பைக்குள் கைத்தொலைபேசி அடித்தது; மகளாகத்தான் இருக்கும். மூன்றாவது இறங்கும்வரை டொறத்தி அதை எடுக்கவில்லை.