ஏணி விடப்பட்டது

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த சமயம். காஜா பேராங்கில் சாயங்கால இங்கிலீஷ் வகுப்பு நடந்தது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். கைநாட்டை விட்டுக் கையெழுத்துப் போட ஆசை. போனேன்.

ஒருநாள் வாத்தியார் வாக்கியத்தைத் திருப்பிப் போடச் சொல்லிக் கொடுத்தார். ‘அவன் கதவை உடைத்தான்.’ திருப்பினால் ‘கதவு உடைக்கப்பட்டது.’ உடைத்தவன் காணாமல் போய்விடுவான்.

“எல்லாத்தையும் திருப்ப முடியாது. ‘விழுந்தான்’, ‘செத்தான்’ இதெல்லாம் அப்படியேதான் நிக்கும்” என்றார்.

பகலில் எனக்குக் கம்பெனியின் சரக்குக் கிட்டங்கிச் சுவருக்கு வெள்ளையடிக்கும் வேலை. கூட்டாளி ஏணி மேலே. நான் கீழே பிடித்திருப்பேன். பிடிப்பவன் நகர்ந்தால் குரல் கொடுக்க வேண்டும். மேலே இருப்பவன் இறங்கிவிடுவான். அதுதான் எங்கள் முறை.

எங்களை வேலை வாங்கும் மண்டோர் வந்தார். “டேய், தெங்கேரா சந்தைக்குப் போயி மீன் வாங்கிட்டு வா. வீட்டுல விருந்தாளி.”

“ஏணி?”

“அது எங்க ஓடப் போவுது? போ லா!”

போனேன். குரல் கொடுக்கவில்லை. மண்டோர் நிற்கிறாரே என்ற பயம்.

திரும்பி வந்தபோது கூட்டாளி தரையில் கிடந்தான். இடுப்பு எலும்பு போயிருந்தது. சுற்றிலும் ஆட்கள். மண்டோர் முதலில் என் கையிலிருந்த மீனை வாங்கிக்கொண்டார்.

யார்மேல் தப்போ அவனுக்கு வேலையும் இல்லை, கம்பெனி வீடும் இல்லை. மறுநாள் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுதி, படித்துக் காட்டினார். ஏணி விடப்பட்டது. சத்தம் கேட்கப்பட்டது. அவன் விழுந்தான்.

எனக்குப் புரிந்தது. அந்தக் காகிதத்தில் மண்டோர் இல்லை. நானும் இல்லை. விழுந்தவன் ஒருத்தன்தான் இருந்தான்.

“மண்டோர் அனுப்புனது இல்லையே, கிராணி ஐயா?”

“நீ விட்டுட்டுப் போனதும்தான் இல்ல. சேக்கவா?”

மண்டோர் சிரித்தார். “தொரை இங்கிலீஷ் படிக்கிறாரு. வேலையும் வேணுமா தொரைக்கு?”

சாட்சி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். என் முதல் கையெழுத்து அதுதான். கிராணி பார்த்துவிட்டு, நல்லா இருக்கு என்றார்.

ஆஸ்பத்திரியில் கூட்டாளி கேட்டான். “என்னண்ணே எழுதியிருக்காங்க?”

“நீ விழுந்தன்னு.”

“மெய்தானே” என்றான்.

அந்த மாதமே அவன் பெண்சாதி வீட்டைக் காலி செய்தாள். சட்டி பானையை வண்டியில் ஏற்றிவிடச் சொன்னாள். ஏற்றிவிட்டேன். “நீங்களாவது இருக்கீங்களே, அண்ணே” என்றாள்.

வகுப்புக்கு நான் பிறகு போகவில்லை.