குப்பைக்குப் போன பின்னூட்டங்கள்

வாஷிங் மெஷின் மெக்கானிக்கை ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் ‘டிரம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் வாயைத் திறப்பது அபூர்வம். வலைப்பூவில் எழுத உட்கார்ந்தால் மட்டும் மடை திறந்தாற்போல் கொட்டும். மெஷின் ஏன் குதிக்கிறது, கதவு ரப்பரில் ஏன் கறுப்பு படிகிறது என்று முகம் தெரியாதவர்களெல்லாம் பின்னூட்டத்தில் கேட்பார்கள். வாய்ச்சொல்லை நம்பி அவர் வைத்தியம் பார்ப்பதில்லை. ‘படத்தின் லிங்க்கைப் போடுங்கள். படம் இல்லாவிட்டால் பதில் இல்லை’ என்று முகப்பிலேயே கறாராக எழுதியிருந்தார்.

அங்கேதான் விளம்பரக் கூட்டம் புகுந்தது. ‘அருமையான பதிவு! வழுக்கையில் முடி வளர்க்கும் தைலத்துக்கு இங்கே அழுத்தவும்.’ ‘உங்கள் எழுத்து நெஞ்சைத் தொட்டது. சீட்டாட வாருங்கள்.’ அழிக்க அழிக்க முளைத்தது. சாப்பிடும்போதுகூட இடது கட்டைவிரல் அழித்துக்கொண்டே இருந்தது.

“உங்களுக்கு வாசகர்னு இருக்கறதே அந்தத் தைலக்காரன்தான். அவனையும் ஏங்க விரட்டுறீங்க?” என்றாள் மனைவி.

ஒருநாள் பொறுமை போய், லிங்க் உள்ள பின்னூட்டமெல்லாம் நேரே குப்பைத்தொட்டிக்குப் போகும்படி செட்டிங்கை மாற்றினார். தளம் துடைத்துவிட்டாற்போல் ஆனது. பிறகு அந்தச் சுத்தமே உறுத்தியது. ஒரு கேள்விகூட வரவில்லை. நம் எழுத்து எல்லோருக்கும் சலித்துவிட்டது போலிருக்கிறது, கடையைக் கட்டிவிடலாமா என்று மனம் அலைந்தது.

ஒர்க்‌ஷாப்பில் ஒரு மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

“வாஷிங் மெஷின் பத்தி எழுதுறவர்தானே? நான் ஒரு டீச்சர். உயிரோடதான் இருக்கீங்களான்னு கேக்கத்தான் வலைப்பூவுல நம்பரைத் தேடிப் பிடிச்சுக் கூப்பிட்டேன்.”

“என்னம்மா ஆச்சு?”

“படம் போட்டாத்தான் பதில்னீங்க. போட்டேன். மறுபடி போட்டேன். சத்தமே இல்ல. எங்கம்மா படுத்த படுக்கை சார். தினம் போர்வை, துணின்னு கையால துவைச்சுத் துவைச்சுத் தோல் உரிஞ்சு போச்சு.”

அவருக்குச் சுருக்கென்றது. லிங்க் போடச் சொன்னதும் அவர்தான், லிங்க்கைக் குப்பையில் தள்ளியதும் அவர்தான். தலையில் அடித்துக்கொள்ளக்கூட முடியாமல் கையில் கிரீஸ். துடைத்துவிட்டு, போனிலேயே தளத்தின் குப்பைத்தொட்டியைத் திறந்தார். தைலத்துக்கும் சீட்டாட்டத்துக்கும் நடுவே டீச்சரின் படம் கிடந்தது: மெஷினின் பின்பக்கம், சுவரில் நசுங்கி மடிந்த ஹோஸ்.

“தண்ணி வெளிய போகலையா?”

“அதத்தானே எழுதினேன்!”

“மெஷினைக் கொஞ்சம் முன்னாடி இழுங்க. அந்த ஹோஸை நிமித்திவிட்டுப் போட்டுப் பாருங்க.”

தரையில் கிறீச்சென்ற சத்தம். பிறகு குழாயில் தண்ணீர் குபுகுபுவென்று போவது போனிலேயே கேட்டது.

“இதுக்கா சார்?” என்றார் டீச்சர். “இதுக்கா என்னை இத்தன நாளு அழவெச்சீங்க?” பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் செட்டிங்கைப் பழையபடி மாற்றினார். மாற்றிய சூட்டிலேயே ஒரு தைலம் வந்து விழுந்தது. சபித்துக்கொண்டே குப்பையைக் கிளறினார்.

“அத்தனையும் ஒண்ணொண்ணா பாக்கப்போறீங்களா?” என்றாள் மனைவி.

“வேற வழி?”

தைலம், தைலம், கடன், சீட்டு. நடுவில் துருப்பிடித்த டிரம் ஒன்றின் படம், அக்கறையாக நாலு கோணத்தில். ஆசையாக விரலை வைத்தவர், அதே ஆள் கீழே எழுதியிருந்ததையும் படித்தார்:

‘இனி பதில் வேண்டாம். மெஷினைக் காயலான் கடையில் போட்டுவிட்டோம்.’

பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்ததைத் திறந்தார்.