பலகை முழுக்கப் பச்சை

அந்தக் கட்டடத்தில் வேலை செய்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ஸ்டிக்கர் மேடம். வேலைகளைத் திட்டமிடும் என்ஜினியர். திங்கட்கிழமை ஒவ்வொரு மேஸ்திரியும் இந்த வாரம் எதை முடிப்பேன் என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும். சனிக்கிழமை அது முடிந்திருந்தால் பலகையில் அவர் பெயருக்கு நேராக அவள் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவாள், இல்லாவிட்டால் சிவப்பு. முக்கால்வாசி முடித்தாலும் சிவப்புதான். இந்த முறையைக் கொண்டுவர மேனேஜரிடம் அவள் எவ்வளவு மல்லுக்கட்டினாள்! சிவப்பு விழுந்த இடத்தில் வேலை எதனால் சிக்கியது என்று பார்த்துச் சரிசெய்துவிடலாம் என நம்பினாள், பாவம்.

பிளம்பர் கெட்டிக்காரர். "ஸ்டோர் ரூமைச் சுத்தம் பண்றேன், எழுதிக்கோங்க மேடம்" என்பார். சனிக்கிழமை பச்சை. டைல்ஸ் மேஸ்திரிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. மூன்றாம் மாடி பாத்ரூம்களுக்குத் தரை போட்டுவிடுவதாகச் சொல்வார். பிளம்பர் குழாயைச் சோதித்துக் கொடுத்தால்தானே தரை போட முடியும்? அவர் கொடுக்கமாட்டார். மேஸ்திரிக்குச் சிவப்பு. மறுவாரமும் சிவப்பு.

மேனேஜர் பலகை முன் வந்து நின்றார். "அடுத்த வாரமும் இந்தாளுக்குச் சிவப்புன்னா கணக்கை முடிச்சு அனுப்பிடுங்க."

"சார், குழாய் ரெடியாகாம அவரு எப்படி..."

"நீங்க கேட்டு வாங்கின பலகைதானே மேடம்? ஒட்டினதும் நீங்கதானே?"

அவள் நேரே பிளம்பரிடம் போனாள். "குழாய் டெஸ்ட் பண்றேன்னு இந்த வாரமாவது சொல்லுங்கண்ணே."

"சொல்லிட்டு முடியலைன்னா எனக்குச் சிவப்பு ஒட்டுவீங்க. நானா போய்த் தலையைக் கொடுக்கணுமா மேடம்?"

திங்கட்கிழமை, கூட்டத்துக்கு முன்னால், டைல்ஸ் மேஸ்திரியைப் படிக்கட்டிலேயே மடக்கினாள். "அண்ணே, பாத்ரூம் பேச்சையே எடுக்காதீங்க. ஸ்டோர்ல டைல்ஸ் பெட்டியை அடுக்கறேன்னு மட்டும் சொல்லுங்க."

"பெட்டி அடுக்க எதுக்கும்மா மேஸ்திரி?"

"சொல்லுங்கண்ணே. இல்லைன்னா உங்களை அனுப்பிடுவாங்க."

சனிக்கிழமை பலகை முழுக்கப் பச்சை. மேனேஜர் அதைப் போனில் படம் பிடித்து முதலாளிக்கு அனுப்பினார். "பார்த்தீங்களா மேடம், மிரட்டினாத்தான் வேலை நடக்குது."

மேஸ்திரி அவள் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டார்: "நான் பாஸாம்மா?"

"பாஸ்ண்ணே."

"அப்போ திங்கட்கிழமை என்ன சொல்லட்டும்? அடுக்கினதைக் கலைச்சு மறுபடி அடுக்கறேன்னா?"

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாம் மாடிக்கு ஏறிப் போய்ப் பார்த்தாள். பாத்ரூம் தரை போன வாரம் கிடந்தது போலவே வெறும் சிமென்டாகக் கிடந்தது.