ஹென்க் இல்லாத பிறந்தநாள்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பிறந்தநாளுக்குப் போயிருந்தேன். கேக் இருந்தது. காபி இருந்தது. சுவரில் கலர் காகிதக் கொடிகள் இருந்தன. பிறந்தநாள்காரர்தான் இல்லை. அவர் இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

முகம் சுளிக்காதீர்கள். நானும் முதலில் சுளித்தவன்தான்.

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் என் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் குடியிருந்தவர் ஹென்க். ஹாலந்துக்காரர். இளவயதில் வேலை தேடி எல்லை தாண்டி வந்தவர். எல்லை என்றால் கடல் மலை எல்லாம் இல்லை, காரில் போனால் ஒரு படம் பார்க்கிற நேரம்தான். ஆனாலும் வெளிநாட்டுக்காரர் வெளிநாட்டுக்காரர்தானே? ஹாலந்தும் ஜெர்மனியும் ஃபுட்பால் ஆடுகிற அன்று எங்கள் கட்டிடத்தில் யாரும் அவரோடு முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். எனக்கு கிரிக்கெட் தவிர வேறு ஆட்டம் தெரியாது. அதனாலேயே எங்கள் நட்பு பலப்பட்டது.

அவர் மனைவி றோஸ்மேரி அக்கா, இலங்கையில் மன்னார்க்காரர். முதல் கணவரைச் சண்டையில் பறிகொடுத்துவிட்டு, சின்னப் பெண்ணான ஜெனியைக் கையில் பிடித்துக்கொண்டு அகதியாக இந்த ஊருக்கு வந்தவர். ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் அக்கா பாத்திரம் கழுவினார். ஹென்க் அங்கே சாப்பாட்டு வண்டி தள்ளினார். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு மனிதர் ஆளே மாறிவிட்டாராம். ஓவர்டைம் செய்யச் சொன்னால், "என் வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள்" என்பார். ஏதோ பதவி கிடைத்தவர் மாதிரி சொல்வார். சனிக்கிழமைகளில் ஜெனியைத் தமிழ் வகுப்புக்கு அழைத்துப்போய், முடியும்வரை வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். உள்ளே நடப்பது ஒரு எழுத்துகூடப் புரியாது. வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வரலாமே என்று ஒருமுறை கேட்டேன். "நடுவில் அவள் எட்டிப் பார்த்தால்?" என்றார்.

ஜெனி அவரை அப்பா என்று கூப்பிட்டதில்லை. ஹென்க் என்றுதான் கூப்பிடுவாள். அப்பா என்பது ஊரில் இறந்துபோனவருக்கான சொல். ஹென்க் அதை மாற்றச் சொன்னதே இல்லை. குறைப்பட்டுக்கொண்டதும் இல்லை.

இப்போது பிறந்தநாள் விஷயத்துக்கு வருகிறேன். ஹாலந்துக்காரர்களிடம் ஒரு பழக்கம். ஒருவருக்குப் பிறந்தநாள் என்றால் அவரை மட்டும் வாழ்த்துவதில்லை, வந்திருக்கிற எல்லோரையும் வாழ்த்துவார்கள். இது தெரியாமல் முதல் வருடம் நான் போய் மாட்டிக்கொண்டேன். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெரியம்மா எழுந்து என் கையைக் குலுக்கி, "வாழ்த்துகள்" என்றார். "எனக்கு இன்றைக்கு இல்லை" என்றேன். அடுத்தவரும் கையைக் குலுக்கி வாழ்த்தினார். "எனக்கு ஜூலையில்தான்" என்றேன். அதற்கடுத்தவர்... எனக்குப் பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டிவிடலாமா என்று தோன்றியது.

சமையலறையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தார்.

"தம்பி, பேசாமல் கையைக் குடுங்கோ. உங்களுக்கு இப்பிடி ஒரு பக்கத்து வீட்டுக்காரன் கிடைச்சதுக்கு வாழ்த்துகினம்."

முதலில் எழுந்து கை கொடுத்த அந்தப் பெரியம்மாதான் ஹென்க்கின் அக்கா வில்மா. வருடா வருடம் இந்த ஒரு நாளுக்காக ஹாலந்திலிருந்து ரயிலேறி வருவார். தகர டப்பாவில் ஆப்பிள் கேக் கொண்டுவருவார். ஆளுக்கு ஒரு துண்டு. கொடுத்ததும் டப்பாவை மூடிவிடுவார், அதுவும் அவர்கள் பழக்கம்தான். நம் ஆட்களுக்கு அது எம்மாத்திரம்? றோஸ்மேரி அக்காவின் மட்டன் ரோல்தான் எங்கள் மானத்தைக் காப்பாற்றும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. சொந்தபந்தங்களின் பிறந்தநாட்களைக் குறித்த காலண்டரை அவர்கள் கழிவறையில் மாட்டிவைப்பார்கள். தினமும் கண்ணில் படுமாம். மனைவி வழிச் சொந்தங்களின் பெயர்களையும் ஹென்க் பக்தியோடு அதில் எழுதிவைத்தார். முதல் தடவை அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார் அக்காவின் மூத்த சகோதரர் ஞானம் அண்ணை.

"என்ரை பேரைக் கக்கூசுக்குள்ள தொங்க விட்டிருக்கிறான். நல்ல மரியாதை."

ஆனால் அண்ணையின் பிறந்தநாளுக்கு அதிகாலையிலேயே போன் செய்து வாழ்த்துகிற ஒரே ஆள் ஹென்க்தான். பெற்ற பிள்ளைகளே சாயங்காலம்தான் கூப்பிடுவார்களாம். இதை அண்ணையே என்னிடம் சொல்லியிருக்கிறார், கொஞ்சம் கோபமாகவே.

அந்த ஹென்க் ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பினார். பஸ் ஸ்டாப்பில் நெஞ்சு வலி. அவ்வளவுதான். ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள் இருந்தன.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து ஜெனியை மாடிப்படியில் பார்த்தேன். நர்ஸ் வேலைக்குப் படித்துக்கொண்டிருக்கிற பெண். அழுது ஓய்ந்த முகம். என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"அங்கிள், ஹென்க் இருக்கும்வரைக்கும் வில்மா எங்கட சொந்தம். இனி? எங்களுக்குள்ள இரத்த உறவு ஒண்டும் இல்லைதானே. இனி அவ ஏன் வரப்போறா?"

"வருவாங்கம்மா" என்று சும்மா சொல்லிவைத்தேன். நிஜத்தில் எனக்கும் அதே சந்தேகம்தான். மாமா போனால் மாமி வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள் நம்மில் எத்தனை பேர்?

அந்த வாரமே வில்மாவிடமிருந்து போன் வந்தது. "ஹென்க்கின் பிறந்தநாளுக்குக் காபி வழக்கம்போல இரண்டு மணிக்குத்தானே?" என்று கேட்டிருக்கிறார். அக்கா யோசிக்காமல் ஆமாம் என்றுவிட்டார்.

விஷயம் ஞானம் அண்ணை காதுக்குப் போனது. இந்த ஊர் மன்னார்க்காரர்கள் வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும், எது முறை, எது முறையில்லை என்று சொல்வது அவர்தான். நான் அக்காவுக்கு மருந்து வாங்கிக்கொண்டு போன நேரம், அண்ணை ஹாலில் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய் பிள்ளை? முப்பத்தோராம் நாள் பூசை இன்னும் முடியேல்லை. செத்தவீட்டில கேக் வெட்டுறதோ? சனம் என்ன சொல்லும்?"

"அண்ணை, இந்த முறை வேண்டாம் எண்டு சொன்னால் அந்த மனுசி பிறகு வராது. ஜெனிக்கு அவரிட பக்கத்தால வேற ஆர் இருக்கினம்?"

"அப்ப செய். எனக்கு ஏலாது. நான் வரமாட்டன்."

அண்ணை சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்குப் பட்டது. எங்கள் வீட்டில் என்றால் அந்த ஒரு வருடம் பொங்கலுக்குப் பானைகூட ஏறாது. துக்கம் என்றால் நாம் எதையாவது விடுவோம். இனிப்பை, பண்டிகையை, பூவை. விடாமல் செய்வதிலும் துக்கம் இருக்கமுடியும் என்று நான் அதுவரை யோசித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது வில்மா ஏற்கெனவே வந்து, நாற்காலி மேல் ஏறி, தானே கொடிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டியவர். ஜெனி கீழே நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அக்கா மட்டன் ரோல் செய்யவில்லை, கை வரவில்லை என்றார். வரமாட்டேன் என்ற ஞானம் அண்ணை கறுப்புச் சட்டையோடு சமையலறை வாசலில் கைகட்டி நின்றார். தவறு எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்ள வந்தாராம்.

ஆளுக்கு ஒரு துண்டு கேக்கோடு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம். வில்மா எழுந்தார். இப்போதுமா அதைச் சொல்லப் போகிறார்?

நேரே அக்காவிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரோஸ், உன் கணவருக்காக வாழ்த்துகள்."

மூன்று வாரமாக அந்த வீட்டுக்கு வந்த அத்தனை பேரும், நான் உட்பட, அனுதாபம்தான் சொல்லியிருந்தோம். போய்விட்டாரே என்றோம். இப்படி ஒருவர் கிடைத்தாரே என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. அக்கா அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே தலையை ஆட்டினார்.

அடுத்தது ஜெனி. வழக்கமாக அவளிடம் மட்டும் வில்மா "ஹென்க்குக்காக வாழ்த்துகள்" என்று பெயர் சொல்லித்தான் வாழ்த்துவார். இந்த முறை அவள் கையையும் பிடித்துக்கொண்டார்.

"உன் அப்பாவுக்காக வாழ்த்துகள்."

ஜெனி மறுக்கவில்லை. எழுந்து நின்றாள். "உங்கள் தம்பிக்காக வாழ்த்துகள்" என்று சொன்னாள். அந்த வயதான அம்மாவுக்கு அதுவரை ஒருவரும் எதுவும் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நான் கேக்கை வாயில் அடைத்துக்கொண்டு சமாளித்தேன்.

வில்மா யாரையும் விடவில்லை. வாசலில் நின்ற ஞானம் அண்ணையிடமும் போனார். கட்டிய கை தானாக அவிழ்ந்தது. "உங்கள் மைத்துனருக்காக வாழ்த்துகள்" என்றதும் அண்ணை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாவம், அழுவதற்கு அந்த வீட்டில் அவருக்கு வேறு இடம் கிடைக்கவில்லை.

சாயங்காலம் வில்மா கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கதவருகில் நின்று, சாதாரணமாகக் கேட்டார்:

"அடுத்த வருடமும் இரண்டு மணிதானே?"

உங்களுக்குத் தெரியும், சாவு வீட்டில் யாரையும் 'வாங்க' என்று சொல்வதில்லை. கிளம்புகிறவரும் 'போயிட்டு வர்றேன்' என்பதில்லை. சொன்னால் சாவும் திரும்பி வருமாம். அக்கா அண்ணையைப் பார்த்தார். ஜெனியும் அண்ணையைத்தான் பார்த்தாள்.

அண்ணைக்கு ஜெர்மன் மொழியில் வேலைக்கு வேண்டிய சொற்கள்தான் தெரியும். வில்மாவின் பையைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, தமிழிலேயே சொன்னார்.

"வாங்கோ. கட்டாயம் வாங்கோ."