எல்லா வண்டியும் நார்மலில்

கவுன்டரில் உட்காரும் பெண் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், வழியை அடைத்துக்கொண்டு நின்ற ஒரு வண்டியை இரண்டடி முன்னால் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தாள். அது பத்தடி போனது. மேனேஜர் அறை ஜன்னலுக்குக் கீழே இருந்த பூந்தொட்டி சுக்கு நூறானது. நல்லவேளை, மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார்.

அவள் ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தபோது, வண்டிகளை உள்ளே வெளியே எடுத்து வைக்கும் டிரைவர் துடைப்பத்தோடு வந்தார். உடைந்த ஓடுகளைப் பொறுக்கினார், மண்ணைக் கூட்டினார், பின்புறத்திலிருந்து வேறொரு தொட்டியை உருட்டி வந்து அதே இடத்தில் வைத்தார். வண்டியின் மூக்கைத் துணியால் துடைத்துக் கீறல் இல்லை என்று பார்த்துக்கொண்டார்.

மேனேஜர் பல்லைக் குத்திக்கொண்டே திரும்பி வந்தார். தொட்டியைப் பார்த்தார். "செடி நல்லா தளதளன்னு வளந்திருக்கே" என்றார்.

"தண்ணி ஒழுங்கா ஊத்துறோம் சார்" என்றார் டிரைவர்.

சாயங்காலம் பூட்டும் நேரத்தில்தான் அவளிடம் சொன்னார்: "உங்க மேல தப்பில்ல தங்கச்சி. யாரோ ரேஸ்ல போட்டபடியே எறங்கிப் போயிருக்காங்க."

அது ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு மட்டுமான சர்வீஸ் கூடம். ஒவ்வொரு வண்டியின் ஸ்டியரிங்கிலும் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதில் நான்கு நிலை: மழை, நார்மல், ஸ்போர்ட், ரேஸ். மழையில் வைத்தால் வண்டி பயந்த சுபாவக்காரன் மாதிரி போகும். நார்மலில் வைத்தால் மனிதன் மாதிரி. ஸ்போர்ட்டில் காலை வைத்ததும் பாயும். ரேஸில் சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் காவலையெல்லாம் வண்டி எடுத்துவிடும். "இனி உன் பாடு, கடவுள் பாடு" என்று கையை விரித்துவிடும். சில வண்டிகள் அணைத்ததும் தாமாக நார்மலுக்குத் திரும்பிவிடும். சில வண்டிகள் கடைசியாக எதில் விட்டார்களோ அதிலேயே விழித்துக்கொள்ளும்.

டிரைவர் எந்த வண்டியையும் நம்பவில்லை. தான் எடுத்த ஒவ்வொரு வண்டியையும் நார்மலில் திருப்பி வைத்துவிட்டுத்தான் இறங்குவார். இறங்குவதற்கு முன் ஒரு நொடி கண்ணை மூடிக்கொள்வார். அதனால் மெக்கானிக்குகள் அவருக்கு நார்மல் அண்ணன் என்று பெயர் வைத்தார்கள்.

"அண்ணே, யாருக்காக வேண்டிக்கிறீங்க? ஓனருக்கா, இன்ஜினுக்கா?"

"எதிர்ல வர்றவனுக்கு."

"நானூறு குதிரை சக்திண்ணே. அத நார்மல்ல வக்கிறது பாவமில்லையா?"

"வீட்டை விட்டுக் கெளம்பும்போது அடுப்ப அணைக்கிறீங்கல்ல, அது பாவமா?"

அதற்கு முன்பு அவர் பத்தொன்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். அதில் ஒரே ஒரு நிலைதான் இருந்தது, அதுவும் மேட்டில் இருக்காது. சலவைக் கடைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. மனைவி தையல் மிஷினில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். இரண்டு பெண்களையும் கட்டிக் கொடுத்தாயிற்று. கோடி ரூபாய் வண்டிகளைப் பகலெல்லாம் ஓட்டிவிட்டு, வீட்டுக்கு பஸ்ஸில் போவார். எப்போதும் கடைசி இருக்கை. முன்னால் உட்கார்ந்தால் வலது கால் தானாகப் பிரேக் போடுகிறது என்பார்.

சிக்கல் பல் டாக்டரின் மஞ்சள் வண்டியால் வந்தது. பட்டனை அழுத்தியதும் வண்டி உறும வேண்டும், பக்கத்து வீட்டு ஜன்னல் அதிர வேண்டும் என்பது டாக்டரின் ஆசை. சர்வீஸ் முடிந்து போன வண்டி வீட்டு வாசலில் சாதுவாக முனகியது. முதல் தடவை போன் செய்தார். இரண்டாம் தடவை நேரில் வந்தார்.

"நான் என்ன பால் வண்டியா வாங்கியிருக்கேன்?" என்று கேட்டார்.

மேனேஜர் டிரைவரைக் கூப்பிட்டார். "இந்தா பாருங்க, இனிமே அந்தத் திருக நீங்க தொடக் கூடாது. மூணாவது தடவ புகார் வந்துச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. நீங்க வீட்டுக்குத்தான் போகணும்."

"சரி சார்."

"கவுன்டர்ல இருக்கிற பொண்ணுதான் சாட்சி."

அவள் தலையை ஆட்டினாள். வேறு என்ன செய்வாள்?

மூன்று மாதம் கழித்து மஞ்சள் வண்டி மறுபடி வந்தது. இந்த முறை டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார்: எப்போது எடுத்தாலும் ரேஸில்தான் விழித்துக்கொள்ள வேண்டும். மெக்கானிக் கம்ப்யூட்டரை மாட்டி அப்படியே செய்து கொடுத்தான். டிரைவர் அதைக் கழுவி, துடைத்து, வெளியே கொண்டுவந்து நிறுத்தினார். திருகைத் தொடவில்லை. கண்ணை மட்டும் வழக்கத்தை விடக் கொஞ்சம் அதிக நேரம் மூடிக்கொண்டிருந்ததைக் கவுன்டர் பெண் கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

வண்டியை எடுக்க டாக்டர் வரவில்லை. ஏதோ மாநாட்டுக்குப் போய்விட்டாராம். அவர் மனைவி வந்தார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது, சாதாரண மழை இல்லை, கொட்டு கொட்டு என்று கொட்டியது.

"இத நான் ஓட்டினதே இல்லைங்க" என்றார் அந்த அம்மா, கையெழுத்துப் போட்டுக்கொண்டே. "போற வழியில பொண்ண வேற டான்ஸ் கிளாஸ்ல இருந்து கூட்டிட்டுப் போகணும். சின்ன வண்டி மாதிரிதானே இருக்கும்?"

கவுன்டர் பெண் டிரைவரைப் பார்த்தாள். டிரைவர் மேனேஜர் அறையைப் பார்த்தார். கதவு சாத்தியிருந்தது.

குடையை விரித்து அந்த அம்மாவை வண்டி வரை கூட்டிப் போனார். அவர் உள்ளே உட்கார்ந்ததும், டிரைவர் திறந்த கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். ஒரு கையில் குடை. இன்னொரு கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகில் வைத்துக்கொண்டார். வாசல் கேமரா நேர் மேலே இருந்தது.

"அம்மா, நான் தொடக் கூடாதுன்னு உத்தரவு. நீங்க தொடலாம். உங்க வண்டி."

"எதத் தொடணும்?"

"அந்தத் திருக மழைன்னு எழுதியிருக்கிற பக்கம் திருப்புங்க."

"திருப்பிட்டேன்."

"இப்ப அத அமுக்கிப் புடிங்க. சத்தம் வர்ற வரைக்கும் விடாதீங்க. இல்லேன்னா பாப்பாவ ஏத்திக்கிட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணும்போது ரேஸுக்குப் போயிடும்."

'பீப்' என்று சத்தம் வந்தது. அந்த அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். "ரேஸ்ல இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

"ஒண்ணும் ஆயிருக்காதும்மா. கடவுள் இருக்காரு. அவருக்கு வேலைய ஏன் கூட்டணும்னுதான்."

மஞ்சள் வண்டி ஆமை மாதிரி ஊர்ந்து வாசலைத் தாண்டியது. டிரைவர் திரும்பி வந்தபோது பாதி நனைந்திருந்தார்.

நான்காம் நாள் டாக்டர் வந்தார். மாநாட்டிலிருந்து வந்து நண்பர்களை வாசலில் நிறுத்தி வைத்துக்கொண்டு பட்டனை அழுத்தியிருக்கிறார். வண்டி மழையில் விழித்துக்கொண்டது. அன்றைக்கு வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் கத்திவிட்டுப் போன பிறகு, கவுன்டர் பெண் டிரைவரைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் பிடித்தாள். "அண்ணே, வீட்டுக்காரர்கிட்ட அந்தம்மா எதுவுமே சொல்லல போலிருக்கு. நான் அவங்களுக்கு ஒரு போன் போடறேன்."

"வேணாம் தங்கச்சி."

"உங்க வேலை போயிடும்ணே!"

"வண்டியப் பாத்தா பயமா இருக்குன்னு அவங்க இன்னும் வீட்டுல சொல்லல. அத அவங்களாச் சொல்லணும். நடுவுல நாம போய்ச் சொன்னா கோள் மூட்டின மாதிரி ஆயிடும். அவங்க வீட்டுல ஒரு சண்ட வரும், எனக்கு ஒரு வேலை மிஞ்சும். வேணாம்."

அவளுக்கு மனசு கேட்கவில்லை. நேரே மேனேஜர் அறைக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொன்னாள். மேனேஜர் கோபப்படவில்லை. கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார். திரையில் மழை. குடை. குடைக்குக் கீழே ஒரு முதுகு, முதுகில் ஒரு கை.

"எனக்குத் தெரியும்மா. மூணு தடவ போட்டுப் பாத்துட்டேன். மனுஷன் சுண்டு விரல் கூடப் படாம நிக்கிறாரு."

"அப்புறம் என்ன சார்?"

"டாக்டர்கிட்ட என்னன்னு சொல்லச் சொல்ற? 'உங்க வீட்டம்மாதான் மாத்தினாங்க, வேணும்னா வீடியோ பாருங்க'ன்னா? அவரு மூணு வண்டிய நம்மகிட்டதான் சர்வீசுக்கு விடறாரு."

"நான் சாட்சின்னு சொன்னீங்களே சார்."

"சாட்சிதாம்மா. யாரும் இல்லைன்னு சொல்லலையே."

யோசித்துப் பார்த்தால் மேனேஜரும் கெட்டவர் இல்லை. வண்டி மேல் பழி போட முடியாது, அதன் விலை அப்படி. டாக்டரின் மனைவி மேல் போட முடியாது, அது வாடிக்கையாளர் குடும்பம். மெக்கானிக் எழுதிக் கொடுத்ததைச் செய்தவன். மீதி இருந்தது ஒருவர்தான். மேனேஜர் அவரை உட்கார வைத்து, வயதாகிவிட்டது, ஓய்வு எடுத்துக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகச் சொன்னார். டிரைவர் சாவிக் கொத்தை மேசை மேல் வைத்தார். பிறகு, கழுவுமிடத்தில் ஒரு வெள்ளை வண்டி சோப்பு நுரையோடு நிற்கிறது, அதை மட்டும் அலசிவிட்டுப் போகட்டுமா என்று கேட்டார்.

கவுன்டர் பெண் பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடப் போனாள். நானும் வேலையை விடுகிறேன் என்றாள். அவர் சிரித்தார். "நீங்களும் போயிட்டா அங்க யாரு உண்மைய சொல்றது?" என்றார். அவள் அழுதுவிடுவாள் போலிருந்தது. அவர் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதன் பிறகு அவர் மூத்த மகள் இருக்கும் ஊருக்குக் குடிபோய்விட்டார். இரண்டு வருடம் கழித்து, தூக்கத்திலேயே கடவுளிடம் போய்ச் சேர்ந்தார் என்று செய்தி வந்தது. அன்றைக்கு பஸ்ஸில் ஏறி, கடைசி ஜன்னல் வழியாகக் குனிந்து அவர் சொன்னதுதான் அவள் கேட்ட கடைசிப் பேச்சு:

"தங்கச்சி, அந்தம்மா அடுத்த சர்வீசுக்கு வந்தா, வண்டிய எதுல வச்சு ஓட்டுறாங்கன்னு கேளுங்க. ஸ்போர்ட்டு, ரேஸுன்னு ஏதாவது சொன்னா மட்டும் எனக்கு ஒரு போன் போடுங்க. போன் வரலேன்னா நார்மல்னு எடுத்துக்கறேன்."