லாரிப் பலகையில் ஒரு வளையல் மேசை

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் ஷெட்டில் இருந்தேன். பலகை அறுப்பது, துளை போடுவது, போல்ட்டு முடுக்குவது என் வேலை. எழுபதுகள் முடியும் சமயம்.

என் தங்கச்சிக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்து இரண்டு காலும் சூம்பிப் போச்சு. முழங்கால் மடங்கினது மடங்கினபடி நின்றுவிட்டது. கையை ஊன்றித்தான் நகர்வாள். வீட்டுக்கு முன்னால் டவுன் பஸ் நிற்கும். அங்கே சாக்கு விரித்து வளையல், ரிப்பன், சாந்து, ஊக்கு விற்றாள்.

ஒரு நாள் பஸ்ஸைப் பிடிக்க ஓடின ஆள் சாக்கை மிதித்துக்கொண்டு போனான். வளையல் நொறுங்கியது. அவன் திரும்பியும் பார்க்கவில்லை. அன்றைக்குச் சோறு தின்னும்போது கேட்டாள்.

“ஏனுங்ணா, எனக்கு ஒரு மேசை செஞ்சு குடுங்க. மேல கண்ணாடி போட்டது. சேலத்துக் கடையில எல்லாம் இருக்குமாமே.”

“சாக்குக்கு என்ன அம்மிணி? மிதிக்காத எடமாப் பாத்துப் போட்டுக்க.”

“மிதிச்சாப் போவுதுங்ணா. சாக்குல ஒக்காந்தா பிச்சைக்காரின்னு நெனைக்கறாங்க. நேத்து ஒரு பெரியம்மா காசு போட்டாங்க. எந்த வளையல் வேணும்னு கேக்கறேன், ‘வேண்டாஞ் சாமி, நீ காப்பி குடி’ங்கறாங்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினேன்.

கொஞ்ச நாளில் ஷெட்டுக்கு ஒரு வண்டி வந்தது. வாழப்பாடிப் பக்கம் புரண்ட லாரி. பழைய பாடியைக் கழற்றினோம். ஒடிந்த பலகை அடுப்புக்குப் போகும். முதலாளியிடம் கேட்டேன். “வெறகுதானப்பா, எடுத்துக்க” என்றார். முன் கண்ணாடி அப்போதெல்லாம் இரண்டு துண்டாக, தட்டையாக இருக்கும். ஒரு துண்டு தப்பியிருந்தது. டிரைவர் சீட்டையும் கேட்டு வாங்கினேன். ரெக்ஸின் கிழிந்திருந்தது, அவ்வளவுதான்.

பொழுது சாய வேலை முடிந்ததும் ஷெட்டு ஓரத்தில் வைத்துச் செய்தேன். காலுக்கு இரும்பு ஆங்கிள். மேலே ஆழமில்லாத பெட்டி, வளையல் வைக்கத் தடுப்பு, அதற்கு மேல் கீல் வைத்துத் திறக்கும் கண்ணாடி. கண்ணாடி ஓரத்துக்கு அந்த வண்டி ரப்பரையே வெட்டிச் செருகினேன். எங்கள் தொழிலில் இடுக்கு விடக் கூடாது. ஏற்றின கடலை ஒழுகினால் லாரிக்காரர் சண்டைக்கு வந்துவிடுவார். அதே பழக்கத்தில் மேசைக்கும் சுற்றிலும் பலகை அடைத்தேன். உட்காரும் பக்கம் மட்டும் இரண்டு கால் நுழையும் அளவு திறப்பு விட்டு, அதற்கு எதிரே டிரைவர் சீட்டை முடுக்கினேன்.

வெல்டிங் வைத்துக் கொடுத்தவர் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“மாப்ள, வளையலுக்கா இது? பத்து டன் தாங்குமாட்ட இருக்குது. பர்மிட்டு வாங்கிட்டயா?”

“ஆடக் கூடாதுங்க.”

“ஆடாது. நாலு ஆளு சேந்தாலும் அசையாது.”

அசையத்தான் இல்லை. ஓட்டம் பார்க்கப் போன புது வண்டியில் ஏற்றி, ஐந்து பேர் பிடித்து வீட்டு முன்னால் இறக்கினோம். பஸ்ஸுக்கு நின்றவர்கள் சுற்றிக் கூடிவிட்டார்கள். தங்கச்சி புதுச் சேலை கட்டியிருந்தாள். நானும் வெல்டிங்காரரும் அவளைத் தூக்கிச் சீட்டில் உட்கார வைத்தோம்.

உட்கார முடியவில்லை. சீட்டு, காலைத் தொங்கப் போடுகிற ஆளுக்குச் செய்தது. நான் விட்ட திறப்பும் அப்படியே. அவள் காலோ தொங்காது. மடங்கின முழங்கால் இரண்டும் பலகையில் இடித்தன. கை கண்ணாடிக்கு எட்டவில்லை. ஒருபக்கமாகச் சரிந்தாள். கூட்டத்தில் ஒருத்தி ‘த்சோ’ என்றாள்.

“எறக்கி உடுங்ணா” என்றாள் தங்கச்சி. முகத்தைக் காட்டவில்லை.

வெல்டிங்காரர் மெதுவாகச் சொன்னார். “மேசைக் காலை அறுத்துக் கொறச்சுப்புடலாம் மாப்ள. கீழயே ஒக்காந்துக்கட்டும்.”

அவள் காதில் விழுந்துவிட்டது. “அதுக்குச் சாக்கே போதுங்க.”

மேசையை அறுக்கவில்லை. லாரி கேபினில் டிரைவருக்குப் பின்னால் அகலமாக ஒரு பலகை இருக்கும். கிளீனர் அதில் காலை மடக்கிப் படுத்துத் தூங்குவான். அந்த மாதிரி நூறு பலகை போட்டிருப்பேன். மிச்சப் பலகையில் அதே போல ஒன்று செய்து, சீட்டு இருந்த இடத்தில் மேசையோடு சேர்த்து முடுக்கினேன். திறப்பை அகலப்படுத்தினேன். சீட்டுப் பஞ்சைப் பிரித்துப் பலகை மேல் தைத்தேன்.

“இனி ரெண்டு பேரு வேண்டாம் அம்மிணி. நா ஒருத்தனே தூக்கி வெச்சுருவேன்.”

“டெய்லி தூக்குவீங்களா? எறங்கறதுக்கு யாரைக் கூப்புடட்டும்? பஸ்ஸுக்கு நிக்கறவங்களையா?”

மறுநாள் அந்தப் புரண்ட லாரியின் கேபின் படி இரண்டும், ஏறும்போது பிடிக்கிற குழாயும் கொண்டுவந்து பலகைக்குப் பக்கத்தில் வைத்து முடுக்கினேன். கிளீனர்கள் ஓடுகிற வண்டியில் அதைப் பிடித்துத்தான் தாவி ஏறுவார்கள். தங்கச்சிக்குக் காலில்தான் பலமில்லை. கை என் கையைவிடப் பலம்.

அவள் குழாயைப் பிடித்தாள். ஒரு படி. மூச்சு வாங்கினாள். இன்னொரு படி. பலகையில் ஏறித் திரும்பி, மடங்கின காலைக் கையால் எடுத்துப் பலகை மேல் வைத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் கையை நீட்டியபடி நின்றேன். தேவைப்படவில்லை.

வளையலை அடுக்கினாள். கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். பஸ் வந்து நின்றது. இரண்டு பெண்கள் இறங்கி மேசைப் பக்கம் வந்தார்கள்.

“செகப்பு என்ன வெலைங்க?”

தங்கச்சி என்னைப் பார்த்தாள்.

“நகருங்ணா. யாவாரத்துக்கு மறைக்கறீங்க.”

நகர்ந்துகொண்டேன்.